காயடித்த கிடா

சேக் பரீதுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்தால் மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். எழுந்து பின்கட்டுக்கு ஓடினால் வராது. நின்று நின்று கால் கடுத்த பிறகு சொட்டுச் சொட்டாக வரும். சரி, முடிந்தது என்று கைலியை இறுக்கிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினால் மறுபடியும் முட்டும். கிள்ளானுக்குச் சாமான் எடுக்கப் போகும் வழியில் எந்தப் பள்ளிவாசலில் ஒதுங்கலாம், எந்தத் தென்னந்தோப்பில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாராவது கேட்டால், "உடம்புச் சூடு லா" என்பார். அந்தச் சூட்டுக்குப் பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயத் தண்ணீர் என்று சொம்பு சொம்பாக உள்ளே தள்ளினார். பின்னே முட்டாமல் என்ன செய்யும்? நல்ல வைத்தியம்தான் போங்கள்!

மலேசியாவில், கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆட்டுக்கறி. காயடித்த கிடாயைத் தவிர வேறு ஆடு அந்தக் கடைப் படியேறாது. "கவுச்சி அடிக்காது, கறி பஞ்சா வேகும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசுவார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் போதும், பலி கொடுக்க அவரிடம் ஆடு வாங்க வருகிறவர்களில் புதிதாக யாராவது ஒருவன், "ஊனப்பட்ட ஆடாச்சே பாய், குர்பானிக்கு ஆகுமா?" என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொள்வான். சேக் பரீது தோளில் கிடக்கும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். "நபி பெருமானாரே காயடிச்ச கிடாயக் குடுத்திருக்காக. ஒனக்கு என்னடா கேடு?" கேட்டவன் வாயை மூடிக்கொண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவான்.

அப்பேர்ப்பட்டவருக்கு எண்பத்து நாலாம் வருடம் நோன்புக்கு முன்னால் ஒருநாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. அது என்ன சூடாக இருந்தாலும் ரத்தத்தைப் பார்த்தால் பயம் வரத்தானே செய்யும்? வீட்டில் மூச்சுவிடாமல் கிள்ளானுக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் தமிழ்ப் பையன். பிள்ளை வயது. அவன் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விரலை விட்டுப் பார்த்தபோது சேக் பரீதுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசியால் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு மட்டும் ஒரு சுரப்பி இருக்கு, பாய். புரோஸ்டேட்டுன்னு பேரு. அதுல புற்று. இடுப்பெலும்புக்கும் எறங்கிடுச்சு. முன்னமே வந்திருந்தா வேற மாதிரி பாத்திருக்கலாம்."

"இப்ப?"

"இப்பவும் அடக்கலாம். ஒடம்புல ஊறுற ஆண் சுரப்புதான் அதுக்குத் தீனி. தீனிய நிறுத்தினா சுருங்கும், எலும்பு வலியும் கொறையும். விதை ரெண்டையும் எடுத்துடணும். சின்ன ஆபரேஷன்தான்."

"மாத்திர கீத்திர இல்லையா?"

"இருக்கு. ஒங்களுக்கு நெஞ்சு வலி வந்திருக்கே, அது தாங்காது."

சேக் பரீது தலையைக் குனிந்து தன் செருப்பிடம் சொல்வது போலச் சொன்னார். "அப்ப எனக்குக் காயடிக்கணும்ங்குறீக."

டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே படுக்கை தருவதாகச் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் மகளுக்கு நிக்காஹ், அது முடியட்டும், வந்துவிடுகிறேன் என்றார் சேக் பரீது. "மக கல்யாணத்துல எந்திரிச்சு நடக்கணும்னா இப்பவே வாங்க" என்றார் டாக்டர். சொன்னால் கேட்கிற ஆளா? குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆபரேஷனுக்குப் பயந்தார் என்று நினைத்தால் தப்பு. அறுபத்திரண்டு வயதில் படுக்கையறை ஆசையும் அவரைப் பிடித்து வைக்கவில்லை, அந்த வருத்தம் கொஞ்சம் இருந்தது என்றாலும். அவரைப் பிடித்து வைத்தது நிக்காஹ். ஒரே பிள்ளை, மகள் நஜீபா. பெண்ணின் வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அப்படிக் கொடுக்கிறவர் ஆணாக இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஊர்ப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அறுத்து எடுத்த பிறகு நான் ஆணா? கிடா கிடாயாகவா இருக்கிறது? அவராகவே கேள்வி கேட்டு, அவராகவே பதிலும் சொல்லிக்கொண்டார். நான் ஆகாது என்றால் அந்தப் பொறுப்பு அடுத்து வாப்பாவின் கூடப் பிறந்தவனுக்குப் போகும். கூடப் பிறந்தவன் ரவாங்கில் கடை வைத்திருக்கும் தம்பி மதார் சாகிபு. கடையைப் பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அவனிடம் போய், எனக்கு இன்ன மாதிரி ஆகிவிட்டது, என் மகளை நீ கொடு என்று நிற்பதா? அதற்கு இந்த வலியோடு செத்துப்போகலாம் என்று தோன்றியது.

பள்ளிவாசல் ஹஜரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கத்தான் போனார். தொழுகை முடிந்து எல்லாரும் கலையும் வரை தூணோரம் காத்திருந்து, ஹஜரத் முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து, "கூரை எங்கயும் ஒழுகுதா ஹஜரத்?" என்று கேட்டுவிட்டு வந்தார். இன்னொரு நாளும் போய் அதையேதான் கேட்டார். கூரைக்கு ஒன்றும் இல்லை. ஒழுகினது இவருக்குத்தான். பாதித் தொழுகையில் சொட்டு விழுந்து, கைகால் கழுவிச் சுத்தம் செய்த ஒளு முறிந்துபோகிறது என்று முன் வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனவர், அப்புறம் வீட்டிலேயே தொழ ஆரம்பித்தார். ஊரில் ஒருவர் விடாமல் தன்னைப் பற்றியே பேசுவது போல இருந்தது. ராத்திரியில் இடுப்பு வலி தாங்காமல் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆடு பார்ப்பதற்காகப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போனார். அங்கே மரத்தில் பால் வெட்டும் காளியண்ணன்தான் ஆள்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பட்டி போட்டு அவருக்கு ஆடு வளர்த்துக் கொடுப்பவர். போன நேரத்தில் காளியண்ணன் ஒரு குட்டியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு இடுக்கியால் விதையை நசுக்கிக்கொண்டிருந்தார். குட்டி ஒரு கத்துக் கத்தியது. எத்தனையோ முறை பக்கத்தில் நின்று, பிடி தளராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்த சேக் பரீது அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குமா, காளி?"

"அத ஆட்டுக்கிட்டதான் கேக்கணும், பாய்" என்று சிரித்த காளியண்ணன், சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா பாய், வந்ததுலேருந்து மரத்துக்குப் பின்னால ஓடிக்கிட்டே இருக்கீங்க?"

"சூடு லா."

சொல்லிவிட்டு மறுபடியும் ரப்பர் மரத்தைப் பார்த்து நடந்தவருக்கு வலது கால் வரவில்லை. கால் இருக்கிறது, ஆனால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே சருகுமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே கைலி நனைந்தது. காளியண்ணன் அதைப் பார்க்காத மாதிரி தன் துண்டை அவர் மடியில் போட்டு, தூக்கி லோரியில் ஏற்றினார்.

வீட்டு வாசலில் மனைவி ஆமினாவிடம் அவரை ஒப்படைத்த காளியண்ணன், "கால் மரத்துப் போச்சும்மா. இது சூடு இல்ல, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆமினா கதவைச் சாத்தினாள்.

"என்னத்த மறைக்கிறீக?"

அதற்கு மேல் அடக்க அவரிடம் தெம்பு இல்லை. ரத்தம், டாக்டர், எலும்பு, ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் கொட்டினார். ஆமினா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"நோன்புக்கு முன்னாலயே தெரியும்! அல்லாஹ்வே, ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! நான் என்ன மரக்கட்டையா?"

"சொல்லி என்ன செய்ய? அதை எடுத்துட்டா நான் நஜீபாவ நிக்காஹ் பண்ணிக் குடுக்க முடியாது, புள்ளே. மதாருதான் குடுக்கணும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆம்பளதானே குடுக்கணும்?"

கோபத்தில் ஆமினாவுக்கு மூக்கு விடைத்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காயடிச்ச கிடா குர்பானிக்கு ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்" என்றார் சேக் பரீது, பழக்கதோஷத்தில்.

"ஆட்ட ஏத்துக்கிற அல்லாஹ் ஒங்களத் தள்ளிருவானாக்கும்!"

"அது ஆடு, புள்ளே."

"ஆமா, அதுக்குப் புத்தி இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே முக்காட்டை இழுத்துப் போட்டாள். ஹஜரத்திடம்தான் போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏ ஆமினா, மானத்த வாங்கிறாத!" என்று கத்திக்கொண்டு எழப் பார்த்தார். கால் எழவிடவில்லை.

அவள் திரும்பி வரும்வரை சேக் பரீது சுவரைப் பிடிப்பதும் விடுவதுமாகத் தவித்தார். வந்தவள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"'முஸ்லிமு, புத்தி தெளிவா இருக்காரு, புள்ளையப் பெத்த வாப்பா. அப்புறம் என்ன? எவன் வந்து தொட்டுப் பாக்கப் போறான்?' அப்படின்னாக. இதுக்காகவா கூர ஒழுகுதான்னு வந்து வந்து கேட்டாருன்னு ஹஜரத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு."

சொல்லி முடித்ததும் அவளும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்காமல் எத்தனை நாள் வீணாகப் போய்விட்டது என்று சேக் பரீது தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளே கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் டாக்டர் சொன்ன மாதிரி சின்னதுதான். அடைத்துக் கிடந்த சிறுநீர்ப் பாதையையும் சுரண்டிவிட்டார்கள். பிறகு, இடுப்பிலிருந்து முதுகெலும்புக்கும் ஏறிக் கால் நரம்பை நெருக்கிய புற்றுக்குக் கதிர்க் கரண்டு வைத்தார்கள். இடுப்பு வலி நம்ப முடியாத அளவுக்கு விட்டது. உடம்பில் மட்டும் திடீர் திடீரென்று அனல் அடித்து வியர்த்துக் கொட்டியது. இப்போதுதான் நிஜமாகவே சூடு என்று ஆமினா கேலி செய்தாள். வலது கால் பாதிதான் திரும்பி வந்தது. மீதி வருமா என்று கேட்டதற்கு, "நோன்புக்கு முன்னால வந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, பாய்" என்றார் டாக்டர். புற்று போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்றுதான் சொன்னார். அடங்கின வரைக்கும் லாபம் என்று வீட்டுக்கு வந்தார்கள்.

நிக்காஹ் அன்று எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, சேக் பரீது மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். நஜீபாவின் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல், ஒரு வார்த்தை விழுங்காமல் சொல்லி முடித்தார். கதவுக்குப் பின்னால் ஆமினா விம்முவது கேட்டது.

மதார் சாகிபும் வந்திருந்தார். நஜீபாவே ரவாங்குக்குப் போய், சாச்சா வராமல் கல்யாணமா என்று அழைத்ததற்காக வந்தவர், அண்ணனிடம் முகம் கொடுக்காமல் தூணோரம் உட்கார்ந்திருந்தார். துஆ ஓதும்போது அவர் எழுந்து பின்னால் போனதைச் சேக் பரீது பார்த்தார். போனவர் வெகுநேரம் கழித்துக் கைலியை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டை வைப்பதற்குள் மறுபடியும் எழுந்தார். அந்த நடை சேக் பரீதுக்குத் தெரிந்த நடை. அவர் கம்பை ஊன்றி எழுந்து, நொண்டி நொண்டிப் போய், பின்கட்டு வாசலில் தம்பிக்காகக் காத்து நின்றார்.

கதவைத் திறந்து வெளியே வந்த மதார் சாகிபு திகைத்துப்போனார். பேசாத வருடங்களெல்லாம் நடுவில் நின்றன. "ஒண்ணுமில்ல, காக்கா" என்றார், அண்ணனைப் பழைய முறைப்படியே அழைத்து. "உடம்புச் சூடு. பார்லிதான் குடிக்கிறேன்."

சேக் பரீது தம்பியின் கையை இறுக்கிப் பிடித்தார். பக்கத்துப் பந்தியில் பிரியாணியில் கை வைத்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்குக் காயடிச்சுட்டாக, மதாரு. நானும் பார்லிதான் குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

மதார் சாகிபு அவர் வாயைப் பொத்த வந்தார். சேக் பரீது அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு அதுவரைக்கும் போகாமப் பாப்போம். நாளைக்குக் காலையில என் கூடக் கிள்ளானுக்கு வா. பயப்படாத, வழியில எங்கெங்க ஒதுங்கலாம்னு எனக்குத் தெரியும்."