இரண்டு ராடுகள்

2024 பிப்ரவரி 6, காலை எட்டு மணி. திருச்செங்கோடு அருகே ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு 420 அடி இறங்கியிருந்தது.

அடுத்த இரும்பு ராடை இறக்க துளையிடும் ரிக்கின் ஆபரேட்டர் சின்னுசாமி மேலே பார்த்தார். கண்கள் ஏறவில்லை. முகத்தையே நிமிர்த்தியபோது ராடு இரண்டாகத் தொங்கியது. கல்தூசி என்று கண்ணைக் கழுவினார், அப்போதும் இரண்டுதான். ஒரு கண்ணை மூடியதும் ஒன்றானது. சமாளித்துவிடலாம் என்று லீவரைப் பிடித்தார்.

கீழே ராடைப் பொருத்த நின்ற தமிழரசு சிரித்தான். "ஏனுங்ணா, ஆருக்குக் கண்ணடிக்கறீங்க?"

ராடு இறங்கியது. அதற்கும் அவன் விரல்களுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒற்றைக் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"கையெடு தமிழரசு!" என்று சின்னுசாமி கத்தி இஞ்சினை நிறுத்தினார்.

சேலம் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் ஆழத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஆறு மாதத்தில் இரட்டைப் பார்வை போயிற்று. ஆனால் கண்கள் மட்டும் இன்னும் மேலே ஏறவில்லை. ரிக்கை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.