இருநூற்றுப் பன்னிரண்டாவது பாடம்

தர்க்கவியல் வாத்தியார் செய்து வைத்த காரியத்தில் தர்க்கம் மருந்துக்கும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் கல்லூரியில் அடுத்த பருவத்துக்கான இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்களையும் கணினியில் ஏற்றும் வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. பூச்சியியல், புள்ளியியல், கல்வெட்டியல் என்று இருநூற்றுப் பதினோரு பாடங்களை மாணவர் கண்ணில் படும்படி சமர்த்தாக ஏற்றினார். தன் பாடத்துக்கு மட்டும் 'மறைத்து வை' என்ற கட்டத்தில் டிக் போட்டு, அதன் அறிமுகக் குறிப்பைச் செதுக்குகிறேன் பேர்வழி என்று மூன்று நாள் உட்கார்ந்தார். மொத்தமே நான்கு வரி. செதுக்கி முடித்த பூரிப்பில் டிக்கை எடுக்க மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மாணவர் பதிவு முடிந்தது. தர்க்கவியலில் சேர்ந்தவர்கள், பூஜ்யம்.

மற்ற ஆண்டுகளில் மட்டும் கூட்டம் அலைமோதியதா என்ன? பதினாறு, மிஞ்சினால் பதினேழு. அதிலும் நாலைந்து பேர் அந்த அறையின் மின்விசிறிக்காக வருபவர்கள். ஆனால் பதினைந்து தலை தேறினால்தான் வகுப்பு. வகுப்பு இருந்தால்தான் அவருக்கு ஒப்பந்தம். ஒன்பது ஆண்டுகளாக அவர் தற்காலிக ஆசிரியர். வாசல் காவலாளியே "வாங்க தற்காலிகம்" என்றுதான் வணக்கம் வைப்பார்.

திங்கட்கிழமை காலை துறைத்தலைவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தலைவர் தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் டீ வரவழைத்துவிடுவார்.

"கவலைப்படாதீங்க. பாக்கலாம்."

"பதிவைத் திரும்பத் திறந்துவிடச் சொல்றீங்களா சார்?"

"அதையும் பாக்கலாம். டீ ஆறுது பாருங்க."

டீனின் அறையில் டீகூட இல்லை. "உங்கள மாதிரி ஆளுங்கதான் இந்தக் கல்லூரிக்கு முதுகெலும்பு" என்றார் அவர், செல்போனைத் தடவிக்கொண்டே. முதுகெலும்பு இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தது.

வீட்டில் மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க? உண்டா, இல்லையா?"

"பாக்கலாம்னாங்க."

"ஒம்பது வருஷமா பாத்துட்டேதான் இருக்காங்க. நீங்க என்ன பொருட்காட்சியா?" சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒற்றைக் காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே இருந்தார். "விடுங்க, தப்பு பண்ணாதவங்க யாரு" என்று அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நாலு வரிம்மா. நாலே வரிக்கு ஆசைப்பட்டு என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்."

மறுநாள் பதிவுப் பிரிவுக்குப் போனார். அங்கே முப்பது ஆண்டுகளாக இருக்கும் கண்காணிப்பாளர் அம்மாவை எல்லோரும் அக்கா என்பார்கள். அந்தக் கட்டடத்தில் வாத்தியாரை உட்காரச் சொன்ன முதல் ஆள் அக்காதான்.

"அக்கா, ஒரே ஒரு டிக். எடுத்துவிட்டா பதினஞ்சு பேரை எப்படியாச்சும் இழுத்துட்டு வந்துடுவேன். காலைப் பிடிச்சாவது."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார். தர்க்கவியலை நிறுத்தும் உத்தரவு. தேதி நாலு மாதம் முந்தியது. கீழே துறைத்தலைவரின் கையெழுத்து, அதற்கும் கீழே டீனுடையது.

"நீங்க டிக்கை எடுத்து, நூறு பேர் சேந்திருந்தாலும் வகுப்பு நடந்திருக்காது தம்பி."

அவர் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"பாடமெல்லாம் ஏத்த வேற ஆள் இல்லை. சொல்லிட்டா நீங்க பாதியிலேயே விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு அவங்களுக்குப் பயம்."

நான்கு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவருக்கு இப்போது தன்னைத் திட்டிக்கொள்ளவும் காரணம் இல்லாமல் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் எந்த வகுப்புக்கோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருஷமாவது வருமா அக்கா?"

"வராது" என்றார் அக்கா. "அடுத்த வருஷமும் வராது, அதுக்கடுத்த வருஷமும் வராது. வேற வேலை தேடுங்க தம்பி."