மரத்த குளம்பு

காலையில் தின்ற இட்லி ப்ரீதாவின் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நாற்றம் பின்பக்கக் கொட்டடியில் நின்ற பழுப்புக் குதிரையின் குளம்பிலிருந்து வந்தது. அதைக் குளம்பு என்றே சொல்ல முடியாது. தையல் விட்ட பூட்ஸ் மாதிரி சதையிலிருந்து பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கில் ஈக்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன.

"நல்லா குனிஞ்சு பாரு அம்மிணி. காலேஜ்ல இதையெல்லாம் படத்துலதான் காட்டியிருப்பாங்க" என்றார் டாக்டர் ரவிக்குமார், பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கியபடி.

"எப்படி சார் இவ்ளோ மோசமாச்சு?"

"உள்ள சீழ் கட்டியிருந்துச்சு. அதோட ஓட்டிட்டாங்க. எலும்பு வரைக்கும் போயிருச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது, ஊசி போட்டு முடிச்சர வேண்டியதுதான்."

சீழ் கட்டிய குதிரை நொண்டுமே, நொண்டுகிற குதிரையை எப்படி ஓட்டினார்கள் என்று ப்ரீதா கேட்டிருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கேள்வி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

டில்லி மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு லோதி ரோடில் மத்திய அரசு வேலை. கால்நடை மருத்துவம் படித்து முடித்ததும், உடன் படித்தவர்கள் நாய், பூனை என்று கிளினிக் போர்டு மாட்டிக்கொள்ள, இவள் மட்டும் குதிரை என்று பிடிவாதம் பிடித்தாள். டில்லியில் குதிரை வைத்தியம் பழக வேண்டுமானால் சத்தர்பூர் பண்ணை வீடுகளுக்கு நடுவே இருந்த ரவிக்குமாரின் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். பொள்ளாச்சிக்காரர். முப்பது வருட டில்லிக்குப் பிறகும் பேச்சில் கோயமுத்தூர் போகவில்லை. இந்த வருடம் பயிற்சிக்கு இரண்டு பேர். முடிவில் ஒருவரைத் தன்னிடமே உதவி டாக்டராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ப்ரீதாவோடு போட்டிக்கு நின்றவன் மதுரையிலிருந்து வந்த அருள்ராஜ்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல். முன்வாசலில் போலோ குதிரைகளும், சவாரி பழகும் பணக்காரப் பிள்ளைகளின் குட்டைக் குதிரைகளும் வரும். அங்கே மின்விசிறி, ரப்பர் விரிப்பு, எக்ஸ்ரே எல்லாம் உண்டு. பின்வாசல் வேறு உலகம்.

அந்தப் பின்வாசல் வழியாகத்தான் மத்தியானம் பல்பீர் தன் வெள்ளைப் பெண்குதிரையை இழுத்துக்கொண்டு வந்தான். பெயர் சாந்தினி. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மண்டபம் வரை ஊர்வலம் போகும் பாராத் குதிரை. முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்கவே பயந்து, ஒவ்வோர் அடிக்கும் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது.

ப்ரீதா குளம்பைத் தொட்டாள். கொதித்தது. அதற்கு மேலே நாடி விரலை இடித்தது. இடுக்கியால் அழுத்தியதும் சாந்தினி காலை வெடுக்கென்று உருவிக்கொண்டது.

"சீழ்தான் சார்."

"இருக்கட்டும். மரக்க வெக்கிற ஊசியைப் போடு. நொண்டறது நின்னுச்சுன்னா வலி குளம்புலதான்னு உறுதியாயிரும்."

பாடத்தில் இருப்பதும் அதுதான். வலிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, நரம்பை ஒவ்வோர் இடமாக மரக்கடித்துப் பார்க்க வேண்டும். ப்ரீதா குளம்புக்கு மேலே பின்பக்கம் இருபுறமும் நரம்பைத் தடவிப் பிடித்து மருந்தை ஏற்றினாள். குதிரை திமிறவே இல்லை. சற்று நேரத்தில் பல்பீர் அதை நடத்திக் காட்டினான். நொண்டல் போன இடம் தெரியவில்லை.

"அடேங்கப்பா! என்ன கை ப்ரீதா உனக்கு!" என்றான் அருள்ராஜ்.

"சபாஷ் அம்மிணி" என்றார் ரவிக்குமார்.

ப்ரீதாவுக்கு உச்சி குளிர்ந்தது. குளம்பு சீவும் வளைகத்தியை எடுத்துக்கொண்டு, "திறந்துடலாமா சார்?" என்றாள்.

ரவிக்குமார் சிரித்தார். "திறந்தா கட்டுப் போட்டு ரெண்டு வாரம் நிறுத்தோணும். இன்னிக்கு டில்லி பூரா முகூர்த்தம். எந்த வெள்ளைக் குதிரை இன்னிக்கு சும்மா நிக்கும்? பல்பீர், வண்டில ஏத்து."

"அப்போ இந்த ஊசி எதுக்கு சார்?"

"நடக்கறதுக்கு."

ப்ரீதாவின் பார்வை கொட்டடிப் பக்கம் போனது. பழுப்புக் குதிரை தொங்கும் குளம்போடு நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார்... அதுவும் இந்த ஊசியாலதானா?"

"சீசன்ல ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும். நான் போடலைன்னா ரோட்டோரத்துல எவனோ துருப்பிடிச்ச ஊசியில போடுவான். நம்முது சுத்தம்." பாக்கைச் சுவரோரம் துப்பினார். "மருந்து பாதி வழியில எறங்கிரும். நீ கூடவே போ. நொண்ட ஆரம்பிச்சா இன்னொண்ணு போட்டுடு. ராத்திரி அதே குதிரைக்கு இன்னொரு பாராத்தும் இருக்குது."

"இதுவும் ட்ரெயினிங்கா சார்?"

"இதுதான் ட்ரெயினிங். முன்வாசல்ல பாக்கறதெல்லாம் போட்டோ எடுக்கறதுக்கு."

ப்ரீதா குழாயடியில் நின்று கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. இருந்தும் எதுவோ பிசுபிசுத்தது.

"நான் போன வாரமே போட்டேன்" என்றான் அருள்ராஜ் தணிந்த குரலில். "மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கும். பெறகு பழகிரும் ப்ரீதா."

"பழகிடும்னு சொல்றே பாரு, அதுதான் குமட்டுது."

ஆனாலும் அவள் வண்டியில் ஏறினாள். ஏறாவிட்டால் அந்த ஊசி வேறொருவன் கைக்குப் போகும்.

சாயங்காலம், பண்ணை வீடுகள் வரிசையாக நின்ற ரோட்டில் ஊர்வலம் கிளம்பியது. சிவப்புக் கோட்டு பேண்டு, டீசல் புகை கக்கும் ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்குக் கொத்து சுமந்த கூலிப் பெண்கள், நடுவில் முகத்தில் பூச்சரம் தொங்க சாந்தினியின் முதுகில் மாப்பிள்ளை. ஸ்பிரிட் வாடையோடு ப்ரீதா குதிரையின் வாலருகே நடந்தாள்.

"நீ பொண்ணு வீடா, பையன் வீடா?" என்றாள் ஜரிகைப் புடவை ஆன்ட்டி ஒருத்தி, இந்தியில்.

"குதிரை வீடு ஆன்ட்டி."

ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள்.

டோல் மேளம் அடிப்பவன் குதிரையின் காலடியிலேயே நின்று வெளுத்து வாங்கினான். பல்பீர் கடிவாளத்தைச் சுண்ட, சாந்தினி தார் ரோட்டில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடியது. சீழ் கட்டிய கால்தான் எல்லாவற்றையும் விட அழகாக ஆடியது. எல்லோரும் மொபைலில் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு மிதிக்கும் அந்தச் சீழ் எலும்பை நோக்கி எவ்வளவு ஏறும் என்று ப்ரீதா கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

மண்டபத்துக்கு இன்னும் பாதி ரோடு இருந்தது. சாந்தினியின் தலை லேசாக ஏறி இறங்கியது. அடுத்த அடியில் இன்னும் கொஞ்சம். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்ஜி! ஊசி! ஜல்தி!" பல்பீர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

ப்ரீதா பையில் கைவிட்டாள். மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும்? பல்பீர் போன் போடுவான், அருள்ராஜ் வருவான், ஊசி போடுவான், குதிரை நடக்கும். நாளைக்கோ மறுநாளோ இன்னொரு குளம்பு கழன்று தொங்கும். போட்டால்?

போட்டால் கால் மரக்கும். மரத்த காலில் கத்தி வலிக்காது.

அவள் முன்னால் போய் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, ரெண்டு நிமிஷம் இறங்குங்க. ஊசி போடணும். உதைச்சாலும் உதைக்கும்."

உதை என்ற சொல் நன்றாக வேலை செய்தது. மாப்பிள்ளை சறுக்கி இறங்கினான். நண்பர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள்.

ப்ரீதா நரம்பைப் பிடித்து மருந்தை ஏற்றினாள். பல்பீர் முகத்தில் நிம்மதி. "ஷாபாஷ் மேடம்ஜி, நீங்க நம்ம ஆளு."

சற்றுப் பொறுத்தாள். குளம்பின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள். சாந்தினி அசையவில்லை. ப்ரீதா சட்டென்று குனிந்து அதன் காலை மடக்கித் தன் முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டாள். வளைகத்தி வெளியே வந்தது.

"மேடம்ஜி! என்ன பண்றீங்க?"

"உன் குதிரையை உனக்கே திருப்பித் தர்றேன். கடிவாளத்தை விட்டியோ, கத்தி உன் பக்கம் திரும்பும்."

அடிக்குளம்பை ஒரு சீவு சீவினாள். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டைப் பின்தொடர்ந்து கத்தியின் வளைவை உள்ளே திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும்.

பீய்ச்சியடித்தது.

சாம்பலும் கறுப்பும் கலந்த சீழ் அவள் குர்தாவில், கழுத்தில், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவுடைய ஜரிகைச் செருப்பில் தெறித்தது. அடுத்த நொடி நாற்றம் எழுந்தது. செத்த எலியும் அழுகிய முட்டையும் சேர்ந்த நாற்றம். கிளாரினெட்காரன் ஊதுவதை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டான். ஜரிகைப் புடவை ஆன்ட்டி சாக்கடை ஓரமாக ஓடினாள்.

"ஏய் பெண்ணே! சுபகாரியத்துல சாக்கடையைத் திறந்துவிட்டுட்டியே!" என்று அலறினார் பெரியப்பா.

"நான் திறக்கலைன்னாலும் உள்ள இதுதான் இருந்தது அங்கிள். இது மேலதான் உங்க பையனை உட்கார வெச்சுப் போட்டோ எடுத்தீங்க."

மாப்பிள்ளை குளம்பைப் பார்த்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டான், "கார் எங்கே?" என்றான். கார் வந்தது. கதவு மூடியது. பேண்டு விட்ட இடத்திலிருந்து அதே பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்காமல் ஊர்வலம் போய்விட்டது. சீழை விட அதுதான் ப்ரீதாவுக்கு அதிகமாகக் குமட்டியது.

பல்பீர் போனில் ரவிக்குமாரிடம் கத்திவிட்டு, அதே வேகத்தில் அவளிடம் நீட்டினான்.

"அம்மிணி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?"

"சீழைத் திறந்தேன் சார்."

"அது உன்ர வேலையா?"

"வேற எது சார் என் வேலை?"

"கெட்டிக்காரப் புள்ளைன்னு நெனச்சேன். கையி நல்ல கை. மூளைதான் இல்லை. நாளைலிருந்து வர வேண்டாம். அருள அனுப்பறேன், அடுத்த பாராத்துக்கு அவன் பாத்துக்குவான்." தொடர்பு அறுந்தது.

பல்பீர் கொதித்தான். "நல்லா நடந்துட்டிருந்த குதிரையை வெட்டிட்டீங்களே மேடம்ஜி! டாக்டர் சாப் ஊசி போட்டுக் குணம் பண்ணிட்டாரு. நீங்க வந்து கெடுத்துட்டீங்க!"

"குணமா? யார் சொன்னா?"

"நொண்டறது நின்னுச்சு இல்லையா? வலி போச்சுன்னா குணம்தானே?"

ப்ரீதா அவனையே பார்த்தாள். அவன் நடிக்கவில்லை. சீசன் சீசனாக அந்தப் பின்வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அதை வைத்தியம் என்று நம்பித்தான் நின்றிருக்கிறார்கள். சொல்ல வேண்டியவர் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

"வலி போகலை பல்பீர் பாய். வலி தெரியாமப் போச்சு. கொட்டடியில ஒரு பழுப்புக் குதிரை நிக்குதே, பார்த்தியா? அதுக்கும் இதே ஊசி. குளம்பு கழண்டு தொங்குது."

"அது ஏதோ வியாதின்னாரே..." பல்பீரின் குரல் இறங்கிவிட்டது. மெல்லக் குனிந்து சாந்தினியின் குளம்பைப் பார்த்தான். துளையிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்தது. எழுந்து மருந்துக்கடைக்குப் போய், அவள் கேட்டபடி குழந்தைகளுக்கான டயப்பரும் அகலமான ஒட்டு டேப்பும் வாங்கி வந்தான். குளம்பைக் கழுவி மருந்து வைத்து, டயப்பரைச் சுற்றி, அதன் மேல் டேப்பை வரிந்து கட்டினாள் ப்ரீதா.

டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கும்போது பைக் வந்து நின்றது. அருள்ராஜ். சட்டைப் பையில் சிரிஞ்சு.

"என்ன ப்ரீதா, இப்படிப் பண்ணிப்புட்டே? தள்ளு. சார் சொல்லிட்டாரு. கட்டை அவுத்துட்டு ஒண்ணு போட்டு அனுப்பணுமாம்."

"தாராளமாப் போடு. அதுக்கு முன்னாடி இதை மோந்து பாரு." சீழில் ஊறிய பஞ்சை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவ்வளவுதான். பைக்கின் பின்பக்கம் போய்க் குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். கண்ணில் நீர்.

"ஒடம்பு சரியில்லன்னு சார்ட்ட சொல்லிக்கிர்றேன். வாந்தி எடுத்துட்டேன்னு."

"போட மாட்டேன்னு சொல்ல மாட்டியா?"

"வேலை வேணும் ப்ரீதா. ஒனக்கென்ன, அப்பா கவர்மென்ட்டு." அவள் முகத்தைப் பார்க்காமல் பைக்கை உதைத்தான். நாளைக்கு உதவி டாக்டர் அவன்தான். அவளுக்கு அவன் மேல் கோபம் கூட வரவில்லை. ஏதோ மிதிக்கக்கூடாததை மிதித்துவிட்ட மாதிரி மட்டும் இருந்தது.

பல்பீர் அடுத்த கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, குதிரை வராது என்றான். அவர்கள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"கட்டு மாத்த வருவீங்களா மேடம்ஜி? பின்வாசல் இனி நமக்கில்லை."

"காலையில வர்றேன். உன் லாயம் எங்கேன்னு சொல்லு."

மரப்பு இறங்கும் வரை இருவரும் நடைபாதையில் காத்திருந்தார்கள். குர்தாவில் சீழ் காய்ந்து மொடமொடத்தது. மெட்ரோவில் பக்கத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். ஒரு கட்டத்தில் சாந்தினி டயப்பர் கட்டிய காலை மெல்லத் தூக்கி, மறுபடி வைத்தது. பல்பீர் கயிற்றைப் பிடித்து, இழுக்காமல், அதன் போக்கில் நடந்தான்.

குதிரை நொண்டியது. அவசரமில்லாமல், வலிக்கிற காலை வலிக்கிற காலாகவே தாங்கித் தாங்கி நொண்டிக்கொண்டு போனது. ப்ரீதா கூடவே நடந்தாள்.