மெதுவாக வாழ்பவரின் மனைவி

அலுவலக லிஃப்டில் மயங்கி விழுந்த பிறகுதான் அவளுடைய கணவர் மெதுவாக வாழத் தீர்மானித்தார். கட்டட வரைபடம் போடுகிற அவரை அதுவரை அலுவலகத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்றே கூப்பிட்டார்கள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மவுஸ், காதில் சொருகிய பென்சில், அதுதான் அவர். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, “இதயத்துக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இப்படியே ஓடினா வரும். கொஞ்சம் நிதானப்படுங்க” என்றார். அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் பால்கனியில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். பிறகு தன் கையாலேயே டீ போட்டார். தண்ணீர் கொதிப்பதைப் பார்ப்பார், தூள் நிறம் விடுவதைப் பார்ப்பார், வடிகட்டும்போது மட்டும் எங்கோ பார்ப்பார். சிந்தியதை யாராவது துடைப்பார்கள் என்று கோப்பையோடு மறுபடி பால்கனிக்குப் போய்விடுவார்.

அந்த யாராவது அவள்தான்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு வர வேண்டிய கூட்டம் முழுவதும் காலையில்தான் வரும். பசியோடு இருப்பவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அதனால் விடியும்போதே அவள் அடுப்பை மூட்டிவிட்டு, ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டே மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். முன்பு கடைக்குப் போவது, சீருடை தேய்ப்பது, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது எல்லாம் கணவர் பங்கு. இப்போது கூட்டி வருவதைத் தவிர மற்றதெல்லாம், யாரும் பேசி முடிவு செய்யாமலே, அவள் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வாய் திறந்து கேட்கவும் முடியவில்லை. மயங்கி விழுந்த மனுஷர். ஏதாவது சொல்லி, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? சொல்ல வந்ததை விழுங்கி விழுங்கி அவளுக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

அவரோ அவளுக்கே பாடம் எடுத்தார்.

“ஏன் இப்படிப் பறக்கிற? நீயும் காலையில கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்து பாரேன். மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?”

“இருக்கும், இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவள் ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டினாள்.

அன்று பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு நன்றாகவே தெரிந்தது. குத்தினாள், தவறிவிட்டது. இன்னொரு முறையும் தவறியது. எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பெரியவர் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

“வீட்டுல சண்டையாம்மா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்ப போய் ஒரு சண்டை போட்டுட்டு வந்துடு. என் கை தாங்காது.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததுதான் அவமானமாக இருந்தது.

மாலையில் வேலை முடிகிற நேரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகள் இன்னும் வாசலிலேயே நிற்கிறாளாம், அப்பாவைக் காணோமாம். கணவருக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காவலாளியின் ஸ்டூலில் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது எதிரே கணவர் வந்தார். நடையில் அவசரமே இல்லை.

“ஏரிப் பக்கமா சுத்தி வந்தேன். என்ன வெளிச்சம் தெரியுமா இன்னைக்கு! போனை வேணும்னேதான் வீட்டுல வச்சிட்டு வந்தேன்.”

அவள் குனிந்து மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“என்ன, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள உலகம் முழுகிடுச்சா?”

தெரு என்றும் பார்க்காமல் அவள் வெடித்தாள்.

“முழுகலைங்க. நான் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன், அதனால முழுகல! நீங்க மெதுவா நடக்குறதுக்கு நான் ரெண்டு பேர் ஓட்டம் ஓடுறேன். உங்க நிதானம் முழுக்க என் கால்லதான் ஓடுது!”

மகள்தான் இருவரின் கையையும் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தாள்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சமையலறையில் பாத்திரம் உருண்டது. “சாக்ஸ் எங்கம்மா?” என்று மகள் கத்தினாள். “இரு, இரு, தேடுறேன்” என்று கணவர் அங்கும் இங்கும் ஓடினார். ஏதோ கருகியது. அவருக்கு மூச்சு வாங்குவது படுக்கை வரைக்கும் கேட்டது. எழுந்து போய்விடலாமா? கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கோபத்தைக்கூட நிம்மதியாகப் பட முடியாத பிழைப்பு!

மகளை எப்படியோ அனுப்பிவிட்டு அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் மாவு.

“இதை எப்படி தினமும் பண்ற?”

“நிதானமா இல்லாமதான்.”

அவர் சட்டையிலிருந்த மாவைத் தட்டினார். “எனக்கு பயம்மா இருந்துச்சு. அந்த லிஃப்ட்ல கதவு மூடினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் பயம். அதான் எல்லாத்தையும் விட்டுட்டேன்.”

“நீங்க விட்டதெல்லாம் எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?”

“பார்க்கல.”

அன்று இருவரும் உட்கார்ந்து எதையெல்லாம் செய்யாமல் விடலாம் என்று பேசினார்கள். பேச்சு இரண்டு முறை சண்டையாகித் திரும்பி வந்தது. தேய்த்த சீருடை இனி வேண்டாம், உதறிக் காயப்போட்டால் போதும். மகளுக்கே பிடிக்காத சனிக்கிழமை நடன வகுப்பு நின்றது. போனை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். காலைச் சமையலைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவானது. பரிசோதனைக் கூட மேலாளரிடம் வாரத்தில் சில நாள் தாமதமாக வருகிறேன் என்று கேட்டாள். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கி, “ஒரு நாள்தான் முடியும். அதுவும் புதன்கிழமை மட்டும்” என்றாள்.

முதல் புதன்கிழமை அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கணவர் முட்டையை உடைக்கிற லட்சணத்தைப் பார்த்துக் கை பரபரத்தது.

“தீயைக் குறைங்க. ஐயோ, அந்தக் கரண்டி இல்ல!”

அவர் அவளை வெளியே தள்ளிச் சமையலறைக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் விழுந்தது. தன் வீட்டிலேயே தன்னை வெளியே நிறுத்திவிட்டார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னல் ஓரம் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் மகளும் கீழே இறங்கிப் போனார்கள். மகளின் ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. தெருமுனையில், காலையில் மட்டும் வருகிற பள்ளி வேன் கிளம்பிவிட்டிருந்தது. ‘ஓடுங்களேன்!’ என்று கத்த வந்ததை உதட்டைக் கடித்து அடக்கினாள். அவர்கள் ஓடவில்லை. வேன் போன திசையைப் பார்த்துவிட்டு, அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ள, பேசிக்கொண்டே நடந்தார்கள். மகள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பெரிய கதை சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் சமையலறைக்குள் வந்தாள். கதவு இப்போது திறந்துதான் கிடந்தது. மேடை நாறிக் கிடந்தது. துடைக்கத் துணியை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திரும்ப வைத்தாள். அவளுக்கென்று மூடி வைத்திருந்த தட்டில் ஓரம் கருகிய முட்டை இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உப்பு அதிகம். இருந்தாலும் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள்.