தெருப் பள்ளங்கள்

எடை மேடைக்காரரின் மகள் பிறந்தபோதே ஒரு லாரிச் சரக்கின் கனம் இருந்தாள். கையில் வாங்கியவர் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். "இந்தா, நீயே வச்சுக்கோ" என்று மனைவியிடம் கொடுத்தார். அவள் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெண்கள் கையில் பிள்ளை பஞ்சாகிவிடும் என்று அவராகவே முடிவுகட்டினார். ஊரும் தலையாட்டியது. தலையாட்டுவதற்குக் காசா பணமா?

லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. டயர் அமுங்குவதைப் பார்த்தே பாரம் சொல்லிவிடுவார். வீட்டிலிருந்து பால்கடைக்கும் தடுப்பூசி போடும் இடத்துக்கும் போகிற தெருவில் நாளடைவில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. பாரம் மீறிய லாரிகள்தான் காரணம் என்று நகராட்சிக்கு மனுமேல் மனு போட்டார். அந்தச் சந்தில் லாரி நுழையவே முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. மனைவிக்கு எந்தச் செருப்பும் தாங்காது, வெறுங்காலோடுதான் போய்வருவாள். அதையும் கேலி செய்வார். மாலையில் மகள் "அப்பா, தூக்கு" என்று கை நீட்டினால், "அம்மாகிட்ட போடா கண்ணு, அவளுக்கு நீ லேசு" என்பார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தூக்கிக்கொள்வாள்.

மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு காலையில் மனைவி குனிந்தாள், நிமிரவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "மூட்டை தூக்குற வேலையா இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"இல்லீங்க, வீட்ல சும்மாதான் இருக்கா."

டாக்டர் வெளியே போனதும் கட்டிலில் கிடந்தவள், "எனக்கும் அதே கனம்தாங்க" என்றாள்.

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கீழ வச்சிட்டீங்க. நானும் வச்சிட்டா புள்ளைய யாரு தூக்குறது?"

அவள் அதன்பின் எழுந்து நடக்கவே இல்லை. மகள் கட்டிலோரம் நின்று கை நீட்டும்போதெல்லாம் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள்.

மகளைத் தூக்கிப் பழக அவருக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. முதல்முறை தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியபோது கால் ஒரு பள்ளத்தில் பதிந்தது. அன்றுதான் குனிந்து பார்த்தார். ஐந்து விரல்கள், ஒரு குதிகால். அடுத்ததும் மனைவியின் பாதம்தான், அதற்கடுத்ததும். தெருக்கோடிவரை அவள்தான் நடந்திருந்தாள். நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதார். மகள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

இப்போதும் அந்தத் தடத்தில் கால்வைத்துத்தான் மகளைப் பள்ளிக்குத் தூக்கிப்போகிறார். பழைய மனுக்களுக்கு ஒருவழியாகப் பலன் கிடைத்து, நகராட்சி ஆட்கள் தாரோடு வந்தார்கள். அவர் குறுக்கே படுத்துத் திருப்பியனுப்பினார். மழை பெய்தால் தெருக்காரர்கள் தண்ணீர் நின்ற பாதங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.