பெரியவர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது

மேய்ச்சல் நிலத்தில் எங்கள் பள்ளிக்கு மணி கிடையாது. காலைப் பால் கறந்து முடிந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். சிலர் நடந்து வருவார்கள், சிலர் அண்ணன்மாரின் குதிரையில் பின்னால் தொற்றிக்கொண்டு வருவார்கள். மூன்று வயது உமுத்தை மட்டும் அவன் அம்மா குல்பாரா இடுப்பில் தூக்கி வந்து, வகுப்புக் கூடாரத்தின் வாசலில் இறக்கிவிட்டு, அவன் அழத் தொடங்கும் முன் ஓடிவிடுவாள். அவன் ஒருநாளும் அழுததில்லை. அவள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

குளிர்காலத்தில் நான் நாரின் நகரத்தில் ஒரு பாலர் பள்ளியில் இருப்பேன். கோடை வந்ததும், மந்தையோடு மலையேறும் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளுக்காக நானும் மேலே வந்துவிடுவேன். கம்பளிக் கூடாரம் ஒன்றுதான் வகுப்பறை. என்னிடம் புத்தகங்கள் குறைவு. ஒரு பெட்டி நிறைய ஆற்றுக் கூழாங்கல், ஒரு பை ஆட்டுக் கணுக்கால் எலும்பு, சாயம் ஏற்றிய கம்பளி நூல், மரக்கட்டைகள், ஒரு பழைய தராசு. பிள்ளைகள் எதைக் கையில் எடுக்கிறார்களோ அன்றைக்கு அதுதான் பாடம்.

செசிமின் அப்பா துருஸ்பெக்குக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தினமும் மந்தையை ஓட்டிக்கொண்டு எங்களைக் கடக்கும்போது குதிரையை நிறுத்துவார். இறங்க மாட்டார். சேணத்தில் உட்கார்ந்தபடியே பேசுவார்.

"தங்கச்சி, நானும் பாத்துட்டேதான் இருக்கேன். கல்லை அடுக்குறாங்க, கலைக்கிறாங்க. மறுபடி அடுக்குறாங்க. எழுத்து எப்ப வரும்?"

"வரும் அண்ணே."

"எங்க ஆட்டுக்குட்டியுந்தான் நாள் பூரா குதிக்குது. அதை யாரும் பள்ளிக்கூடம்னு சொல்றதில்ல."

சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்துக்கொண்டு போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. செசிம் அவருக்கு ஒரே பெண். அந்த இலையுதிர்காலத்தில் அவள் முதல் வகுப்பில் சேர வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் முன்னால் தன் மகள் வாயடைத்து நின்றுவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. ஆறு வயது செசிம் வாயடைத்து நிற்பாள் என்று அவரைத் தவிர வேறு யாரும் பயப்பட்டிருக்க முடியாது.

ஒருநாள் காலை, ஓடைக்கு அக்கரையில் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கூடாரம் எழுப்பத் துருஸ்பெக்கைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வேலையில் அவருக்கு நிகர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அவர் கட்டிய கூடாரம் எந்தக் காற்றிலும் முனகக்கூட முனகாது என்பார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் பெரியவர்களின் கால்களுக்கிடையில் புகுந்து புகுந்து போனார்கள். விரட்டிவிட்டார்கள். மறுபடி போனார்கள். மறுபடியும் விரட்டு.

"போங்க போங்க, கழி தலையில விழுந்தா அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கும்பலாக என்னிடம் வந்தார்கள். முன்னால் செசிம்.

"எஜே, நாங்களும் ஒண்ணு கட்டப் போறோம்." அங்கே அக்காவையும் எஜே என்பார்கள், ஆசிரியையையும் எஜே என்பார்கள்.

"யாருக்கு?"

"எங்களுக்கு. பெரியவங்க யாருமே உள்ள வர முடியாது."

"நான்?"

அவள் யோசித்தாள். "நீங்க வெளிய நின்னு பாக்கலாம்."

கத்தி என் கையில், மற்றதெல்லாம் அவர்கள் கையில் என்று பேசி முடிவானது. ஓடைக்கரையில் வில்லோ மரக் கிளைகளை நான் வெட்டிப் போட்டேன். அவர்கள் இலையை உருவி, எறும்பு இழுப்பதுபோல் இழுத்து வந்தார்கள். சுவருக்கான குச்சிகள் எல்லாம் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று தெமிர் சொன்னான். எல்லோரையும்விட உயரமான பையன். அதிகம் பேச மாட்டான்.

"எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

செசிம் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண் உமுத் மேல் நின்றது.

"உமுத், படு."

உமுத் புல்லில் மல்லாந்து படுத்தான். தன்னை எதற்கோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்ற பெருமையில் மூச்சுகூட விடவில்லை. குச்சியை அவன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை. நீண்டால் ஒடித்தார்கள். குறைந்தால் அடுப்புக்கு. வேலை மும்முரமாக நடந்தது. பாதியில் ஒரு வெட்டுக்கிளி உமுத்தின் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டு குவியல் சேர்ந்த பிறகு தெமிர் நெற்றியைச் சுருக்கினான். "இந்தக் குவியல் குட்டையா இருக்கு."

வைத்துப் பார்த்தார்கள். குட்டைதான்.

"உமுத் சுருங்கிட்டான்" என்றாள் ஒருத்தி.

உமுத் பதறி எழுந்து உட்கார்ந்தான். மறுபடி படுக்க வைத்துச் சோதனை நடந்தது. வெட்டுக்கிளி ஊர்ந்த கூச்சத்தில் அவன் முழங்காலை மடக்கியிருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். காலை நீட்டினால் பெரிய உமுத், மடக்கினால் சின்ன உமுத். அதற்கப்புறம் தெமிர் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்கு இவன் வளந்துட்டா?"

எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். என் நாக்கு நுனியில் பதில் இருந்தது. பற்களுக்கிடையில் கடித்து வைத்தேன்.

"அப்ப இன்னிக்கே எல்லாத்தையும் அளந்துடணும்" என்றாள் செசிம். "சீக்கிரம்."

மறுநாள் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கம்பளி நூலால் கட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் துருஸ்பெக் வந்தார். அன்று முதன்முறையாகக் குதிரையிலிருந்து இறங்கினார். சற்று நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கை தானாக முன்னால் வந்தது.

"இப்படி இல்லம்மா. நூலைக் குடு. இந்தா, இப்படிச் சுத்தி, இப்படி..."

கண் இமைப்பதற்குள் நாலு முடிச்சுப் போட்டுவிட்டார். அழகான முடிச்சுகள். பிள்ளைகள் கையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கல் பொறுக்கப் போய்விட்டான்.

"அண்ணே" என்றேன்.

"கால் மணி நேரம் குடு தங்கச்சி, முடிச்சுத் தந்துடறேன்."

"முடிச்சுத் தந்துட்டா அது உங்க வீடு அண்ணே."

அவர் என்னையும் குச்சிகளையும் பார்த்தார். செசிம் உட்கார்ந்து, அப்பா போட்ட நாலு முடிச்சையும் நகத்தால் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். வெகு நேரம் ஆனது. துருஸ்பெக் அதை முழுக்க நின்று பார்த்துவிட்டு, குதிரையேறிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் சிவப்பு நூலை எடுத்து வந்து, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் புல்லில் ஒரு வட்டம் போட்டாள்.

"பெரியவங்க இந்தக் கயித்தைத் தாண்டக் கூடாது. எஜே, அதை எழுதி வைக்கணும். எப்படி எழுதறது?"

"நீளமா எழுதணுமே. எல்லாருக்குமா?"

"முக்கியமா அப்பாவுக்கு."

யோசித்து அவளே வழி சொன்னாள். அப்பா பேரை எழுதி, அதன் மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டால் போதும். எங்கள் எழுத்தில் அந்தப் பேரின் முதல் எழுத்து ஆங்கில T போல இருக்கும்; அதை நான் மண்ணில் கீறிக் காட்டினேன். "அட, இது ஒரு கழி மேல இன்னொரு கழி படுத்திருக்கு" என்றாள் அவள். அடுத்தது கவட்டைக் குச்சி. அதற்கடுத்தது தொப்பை வைத்த கழி. அவள் முதலில் சுள்ளிகளை வைத்து எழுத்துகளைக் கட்டினாள், பிறகு அடுப்புக்கரியால் ஒரு பலகையில் எழுதினாள். இரண்டு முறை துடைத்தாள். மூக்கில் கரி, காதில் கரி. அவள் வாழ்நாளில் எழுதிய முதல் சொல் அது.

மாலையில் துருஸ்பெக் பலகை முன்னால் வந்து நின்றார். தன் பெயரைப் படித்தார். தொப்பை வைத்த எழுத்தில் தொப்பை முதுகுப் பக்கம் தள்ளியிருந்தது.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"இதுல ஒரு எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கே."

"உங்களுக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

"புரிஞ்சுது."

"அப்ப கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

அவர் ஓர் அடி பின்னால் போனார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். பலகையை மறுபடி படித்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் மேட்டுப் புல்லில் வந்து உட்காரத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். குல்பாரா புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிரம்பிய தோல்பையைக் கொண்டு வந்தாள். கிண்ணம் கைமாறியது. கீழே பிள்ளைகள் சுவரை வட்டமாக வளைத்து நிறுத்த முயன்றுகொண்டிருந்தார்கள். மேலே பெரியவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார்கள். கீழேதான் வேலை சுலபமாக நடந்தது.

ஒருவழியாகச் சுவர் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு கன்றுக்குட்டி கயிற்றையும் பலகையையும் மதிக்காமல் உள்ளே வந்து, அந்தச் சுவரில் சாவகாசமாக விலாவைத் தேய்த்துச் சொறிந்துகொண்டது. மொத்தச் சுவரும் படுத்துவிட்டது. மேட்டிலிருந்து துருஸ்பெக் போட்ட முனகல் ஓடை வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். உமுத் கன்றுக்குட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

தெமிர் விழுந்த சுவரைச் சுற்றி நடந்தான். குனிந்தான். "முடிச்சு அவுரல. கால்தான் நழுவிடுச்சு. கால்ல கல்லு வைக்கலாம்."

கூழாங்கல் பெட்டி காலியானது. அதன் பிறகு சுவரை உமுத் தள்ளிப் பார்த்தான், செசிம் தள்ளிப் பார்த்தாள். கன்றுக்குட்டியையே கூட்டி வந்து தள்ள வைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. அது வேண்டாம் என்று கை தூக்கி முடிவு செய்தார்கள்.

அடுத்தது உச்சி வளையம். கூரைக் கழிகளெல்லாம் போய்ச் சேரும் இடம், புகை போகும் வாய். அண்டா மூடியை வைத்துப் பார்த்தார்கள், புகைக்கு வழியில்லை. சைக்கிள் டயர் கனம் தாங்காமல் தொங்கியது. குல்பாரா வீட்டில் வலை கிழிந்த மாவுச் சல்லடை ஒன்று இருந்தது. உமுத்தான் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தான். அளவு சரி. ஆனால் கழிகளைக் கட்டி முடிக்கும் வரை அந்தரத்தில் அதை யார் பிடிப்பது?

எல்லோரும் தெமிரைப் பார்த்தார்கள்.

அவன் நடுவில் போய் நின்று சல்லடையை இரு கையாலும் தூக்கினான். கை வலித்ததும் தலையில் வைத்துக்கொண்டான். அவனுடைய உயர்ந்த கம்பளித் தொப்பி கிழிசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. சுற்றிலும் கழி கழியாக ஏறியது. இங்கே ஒரு முடிச்சு, அங்கே ஒரு முடிச்சு.

"மூக்கு அரிக்குது" என்றான் தெமிர்.

"தூண் பேசக் கூடாது" என்றாள் செசிம். ஆனால் போய் மூக்கைச் சொறிந்துவிட்டு வந்தாள்.

கடைசி முடிச்சு விழுந்தது. இப்போது தூண் வெளியே வர வேண்டும். மேட்டில் குமிஸ் கிண்ணம் பாதியில் நின்றது. தெமிர் கண்ணை மூடிக்கொண்டு, முட்டியை மெல்ல மடக்கிக் கீழே உட்கார்ந்தான். சல்லடை மேலேயே நின்றது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நின்றுவிட்டது. அவன் தவழ்ந்து வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்தான். பேசாத பையன், அன்றைக்கு மாலை வரை பேசினான்.

பழைய கம்பளித் துண்டுகளையும் சால்வைகளையும் போர்த்தியதும் அது வீடாகிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளைத் தின்றார்கள். கழி இடுக்குகள் வழியாக நாக்கை நீட்டினார்கள். பிறகு ஏதோ ரகசிய ஆலோசனை நடந்தது. செசிம் தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவை வரலாம்."

துருஸ்பெக் எழுந்து வந்தார். கயிற்றின் முன்னால் நின்றார். "தாண்டலாமா?"

"ஒரே ஒரு தடவை."

மண்டியிட்டு, தோளைக் குறுக்கி, முக்கி உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் அவருக்கு இடம் விட்டு வெளியே வந்தார்கள். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"இந்த முடிச்சு யாரோடது? ... ம். இது? ... அட, இது நல்லா இறுகியிருக்கே."

வளையத்தைப் பார்க்கும் ஆசையில், தன் கையால் எத்தனையோ வீடுகளில் செய்த பழக்கத்தில், அவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். வீடும் அவரோடு எழுந்தது. கூழாங்கற்கள் சரிந்து உருண்டன. கம்பளி வீட்டுக்குக் கீழே இரண்டு பெரிய கால்கள், மேலே சல்லடைக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி. அவர் திகைத்து இப்படி ஒரு அடி, அப்படி ஒரு அடி வைத்தார். குல்பாரா சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"உடைஞ்சுடுச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். குரலில் உண்மையான பயம்.

செசிம் சுற்றி வந்து பார்த்தாள். "இல்ல. ஒரு முடிச்சுகூட அவுரல. மெதுவா இறக்குங்க."

இறக்கினார். தவழ்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு நகரும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லோரும் உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே தள்ளுமுள்ளு, செசிமின் கட்டளை, உமுத்தின் கீச்சுக்குரல். பிறகு வீடு தரையிலிருந்து எழுந்தது. கீழே ஒரு வரிசைச் சின்னக் கால்கள், சில செருப்போடு, சில வெறுங்காலோடு. முதலில் இரண்டு திசையில் போகப் பார்த்து நின்றது. உள்ளே பேசி முடித்துவிட்டு, ஓடைப் பக்கம் தள்ளாடித் தள்ளாடி நடக்கத் தொடங்கியது. பெரியவர்கள் மேட்டிலிருந்து இறங்கி அதன் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

துருஸ்பெக் எல்லோருக்கும் முன்னால் ஓடினார், கையை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு.

"இடது பக்கம் பள்ளம் இருக்கு" என்று வீட்டைப் பார்த்துச் சொன்னார். "சொல்றது மட்டுந்தான். நான் தொடல."