வாடகைக்கு வேண்டாம்

குளிர்ப்பெட்டியின் மேல் கிடந்த மாலைகளை ஒதுக்கி, தன் செல்போனை அங்கே சாய்த்து வைத்துக்கொண்டு, பாட்டு விற்கும் செயலிகளை மூன்றாவது தடவையாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தான் சகாதேவன். உள்ளே அவன் அப்பா அப்பாதுரை, நீண்ட உரைக்கு நடுவே தூங்கிப்போன கூட்டத் தலைவரைப் போலக் கிடந்தார்.

கால்மாட்டில் தங்கை அருணாதேவி. முப்பது வருடத்துக்கு முன் வந்த ஒரு கிரிவலப் பாட்டுக் கேசட்டில் அப்பா ஒரே ஒரு அடியைத் தனியாகப் பாடியிருந்தார். கேசட் பூஞ்சை பிடித்துப் போயிற்று; பாட்டு இப்போது செயலிகளில்தான் கிடைக்கும். புற்றுநோய்க்குத் தொண்டையை எடுத்தபின், மூன்று வருடமாக அவர் பேசியதெல்லாம் செல்போனில் எழுதிக் காட்டித்தான். அந்தப் போனைக் காலையில் அம்மா ஜோதியம்மாள் அவர் சட்டைப்பையில் வைத்தாள். போகிற இடத்தில் வாய் வேண்டாமா என்றாள்.

பௌர்ணமிக் கூட்டம் பாதையை அடைப்பதற்குள், மூன்று மணிக்குத் தூக்க வேண்டும். முகம் இருக்கும்போதே அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் அருணாவுக்கு.

இலவசச் செயலியில் போட்டுப் பார்த்தாயிற்று. பாட்டுக்கு முன் பற்பசை விளம்பரம் சிரித்தது; உடனே நிறுத்திவிட்டார்கள். சந்தாச் செயலியைச் சகாதேவனே தள்ளினான். மூன்று சங்கங்களுக்குச் செயலாளர். எதையும் மைக் முன் நிற்பது போலத்தான் சொல்வான்.

"சந்தான்றது வாடகை மாதிரி. நிறுத்தினா பாட்டும் போயிடும். அப்பா பாட்டு நமக்குச் சொந்தமா இருக்கணும். தரமும் ஜாஸ்தியா இருக்கணும்."

வாடகைப் பெட்டியின் மோட்டார் உறுமியது.

"எதுனா ஒண்ணு வாங்குணா. மணி ரெண்டே முக்கால் ஆவுது," என்றாள் அருணா.

விலைக்கு விற்கும் செயலியில் கார்டு எண்ணை அழுத்தினான். பெட்டிக்குள்ளிருந்து மணி ஒலித்தது.

மகன் வாங்கித்தரும் பாட்டுக்குக் காசு அப்பாவின் பென்ஷன் கணக்கிலிருந்து போகிறது என்பது விளங்கக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அரை நிமிடம் ஆயிற்று.

"ஓடிபி அதுல வந்துருக்கு," என்றான் சகாதேவன், தரையைப் பார்த்து.

அருணா மூடியைத் தூக்கினாள். குளிர் முழங்கை வரை ஏறியது. போனை எடுத்து ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். திரும்ப வைத்து, சட்டைப்பையை நீவிவிட்டு மூடினாள்.

பாட்டு இறங்கி ஒலித்தது. முதலில் கும்பல் குரல்கள். அப்பாவின் அடிக்கு முன்னால் வரும் தாளம் அவளுக்கு மனப்பாடம். அது வந்தபோது வாசலில் சங்கு ஊதினார்கள், மேளம் எழுந்தது. சகாதேவனின் போனில் பாட்டு ஓடும் கோடு மட்டும் நகர்ந்து, அந்த இடத்தைக் கடந்து போயிற்று.

அருணா பெட்டியின் மேல் குனிந்தாள். திறந்து மூடியதில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். ஆவி உள்பக்கம் இருந்தது.